சிட்டிகைக்கும் பிடிக்கும் நடுவே

திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் வீடு வீடாகப் போகப் போகிறீர்கள். எந்த வீட்டில் என்ன கேட்க வேண்டும், எந்த நோட்டில் எதை எழுத வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நம்முடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் முதலில் ஒரு கேள்வி வரும்: "இந்த வாரம் யார் இன்னா தப்பு பண்ணீங்க?" போன வாரம் அதைக் கேட்டபோது உங்களில் இரண்டு பேருடைய முகம் சுண்டிப் போனதைப் பார்த்தேன். விசாரணை நடக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள். அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது பிறந்ததற்குக் காரணம் நான்தான்.

எழுபதுகளின் பிற்பாதி. சித்தூரில் எங்கள் சபை நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சர். கோடை வந்தால் சுற்றுவட்டார ஊர்களில் வாந்திபேதி வரும். குழந்தைகள் காலையில் விளையாடிக்கொண்டிருக்கும், மறுநாள் இருக்காது. ஒரு நர்ஸம்மா வந்து, தையல் அறையில் மூன்று நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பேதியில் பிள்ளைகள் சாவது உடம்பில் தண்ணீர் வற்றிப் போவதால். ஒரு சொம்பு காய்ச்சி ஆறின தண்ணீர், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி சர்க்கரை. கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஏழு பேர் கற்றுக்கொண்டோம். நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்தது. ஒரு மாதத்தில் நாங்கள் மூன்று பேராகக் குறைந்தோம்.

ஒன்று நான், எஸ்தர். இரண்டாவது முனியம்மா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊரில் களை பறித்து, நாற்று நட்டுப் பிழைக்கிறவள். கையெழுத்துப் போடத் தெரியாது. மூன்றாவது கன்னியப்பன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தான். எங்கள் மூவரில் படித்தவள் நான்தான் என்பதால் காரியதரிசி, நோட்டு எழுதுகிறவள், பேசுகிறவள் எல்லாமே நான். உள்ளுக்குள் அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாவல்குப்பம் என்ற ஊரில் பாதி வீடு தமிழ், பாதி வீடு தெலுங்கு. அங்கே ராஜம்மா என்று ஒரு பெண். மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்குப் பேதி என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்றபடியே எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொல்லிவிட்டு ஓடினேன்.

தெலுங்கில் சிட்டிகைக்கு 'சிட்டிக்கெடு' என்பார்கள். கைப்பிடி அளவுக்கு 'பிடிக்கெடு'. நான் எதற்கு எதைச் சொன்னேன் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டில், 'நாவல்குப்பம், ஒரு வீடு, கற்பிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

மறுநாள் அந்தப் பக்கம் களை எடுக்கப் போன முனியம்மா, போகிற வழியில் அந்த வீட்டை எட்டிப் பார்த்திருக்கிறாள். குழந்தை நாக்கை நீட்டி நீட்டி அழுகிறது. உடம்பு கொதிக்கிறது. பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் கண் சொருகுகிறது. பக்கத்தில் டம்ளரில் பாதித் தண்ணீர். முனியம்மா அதில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். அப்புறம் அவள் எதையும் கேட்கவில்லை. குழந்தையையும் தாயையும் இழுத்துக்கொண்டு, வந்த டிராக்டரை நிறுத்தி, சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினாள்.

நான் ஓடிப்போனபோது வராந்தாவில் ராஜம்மா சுவரோரமாகக் குந்தியிருந்தாள். டாக்டர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். "அறிவிருக்கிறதா உனக்கு? இவ்வளவு உப்பைக் கொடுத்தால் குழந்தை பிழைக்குமா?" என்று தெலுங்கில் கத்தினார். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மாமியார் அதைவிட மேலே. ராஜம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அம்மா, மீரே கதா செப்பாரு? பிடிக்கெடு உப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்னு கொழந்த வாய மூடி மூடி ஊத்தினேன்."

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாயால் அந்தச் சொல் வந்ததும், அதை நான் வாசலில் நின்று சொன்னது அப்படியே என் காதில் கேட்டது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?" என்றார்.

"சர்ச்சிலேர்ந்து வந்திருக்கோம், சார். சரியாத்தான் சொல்லிக் கொடுத்தோம். அவங்களுக்குச் சரியாப் புரியல போலிருக்கு."

இதைச் சொன்னது நான். இந்த வாய்தான்.

குழந்தை நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வீட்டுக்கு வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போட்ட தையலைப் பிரித்துப் பிரித்துத் திருத்தினேன். என் தையலை யார் பிரிப்பார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தையல் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கன்னியப்பன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"அக்கா, நாவல்குப்பத்த உட்டுடலாம். அங்க போனா கல்லால அடிப்பாங்க. எதிர் வூட்டுக் கொழந்தைக்கும் பேதியாம். தண்ணி குடுக்கச் சொன்னா, 'அந்த உப்புத்தண்ணி குடிச்சா புள்ள செத்துப்பூடும்'னு சொல்றாங்க. அந்தம்மாவுக்குப் புரியாததுக்கு நம்ம இன்னா பண்றது?"

"மொதல்ல நோட்ல எழுதிக்கலாம்" என்று நான் பேனாவைத் திறந்தேன். 'தாயின் கவனக்குறைவால்' என்று எழுத வேண்டும். 'தாயின்' வரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை.

முனியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. முகம் தெரியும்.

"இன்னாக்கா?" என்றாள்.

சொன்னேன். வாசலில் நின்றது, பஸ் அவசரம், சொல் மாறியது எல்லாவற்றையும். பிறகு டாக்டரிடம் சொன்ன பொய்யையும். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. சொல் மாறினது கைத்தப்பு. பொய் சொன்னது தெரிந்தே செய்தது.

நான் நோட்டை மூடி முனியம்மாவின் பக்கம் தள்ளினேன். நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லப் போகிறேன் என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இரு" என்றாள். "நானும் ஒண்ணு சொல்லணும். போன மாசம் எங்கூர்ல கைக்கொழந்தைக்கு ஸ்பூன்ல ஊட்டாம டம்ளரோட குடுத்துட்டேன். வேலைக்கு லேட்டாய்ப்பூச்சு. அத்தனையும் வாந்தி எடுத்துச்சு. கொழந்தைக்கு ஒத்துக்கலன்னு ஒங்கிட்ட சொல்ட்டேன். கொழந்தைக்கு ஒத்துக்காம இல்லக்கா, தப்ப நான்தான் ஒத்துக்கல."

கன்னியப்பன் தலையைச் சொறிந்தான். "நான் மூணு வூட்டுக்குப் போவாமலே போனேன்னு நோட்ல எழுதச் சொல்லிட்டேன். வூட்டுக்குள்ள பொம்பளைங்க மட்டும் கீறாங்கன்னு வெக்கமா இருந்துச்சு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்தது. நர்ஸம்மா போன பிறகு எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்று மாதக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தோம். அரைமணி நேரத்தில் மூன்று பாடம் கிடைத்துவிட்டது. தாய் நம் கண்ணெதிரிலேயே தண்ணீரைக் கலக்க வேண்டும். கலக்கினதை முதலில் நாம் ருசி பார்க்க வேண்டும். நம் கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் ஸ்பூனால்தான் ஊட்ட வேண்டும். வீட்டுக்கு ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் போக வேண்டும். இவை உங்கள் கையேட்டில் வரிசை எண் போட்டு அச்சாகியிருக்கின்றன. யாரோ பெரிய ஆபீசில் உட்கார்ந்து எழுதினதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

"ஆனா அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லணும்" என்றாள் முனியம்மா. "நம்ம மூணு பேருக்குள்ள பேசிக்கினா பத்தாது."

மறுநாள் சாயங்காலம் நாவல்குப்பம் போனோம். தண்ணீர் பிடிக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம், ஊர் முழுக்க அங்கே இருக்கும் என்பதால். குழாயடியில் ராஜம்மாவின் மாமியாரும் இருந்தார். நான் முதலில் தமிழில் சொன்னேன். பிறகு, தப்பும் தவறுமாகத் தெலுங்கிலும் சொன்னேன். "இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான் சொன்னதைத்தான் செஞ்சா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன்."

குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் எடுக்கவில்லை. ராஜம்மா கும்பலிலிருந்து முன்னால் வந்தாள். மன்னித்தேன் என்று சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"நீங்க சொல்லிட்டுப் போய்டுவீங்க" என்றாள். "இத்தினி நாளா அந்த வூட்ல என் பேர் சொல்லி யாரும் கூப்பிடல. 'பிட்டக்கு, பெத்த கொழந்தைக்கு உப்பு போட்டவ'ன்னுதான் கூப்பிட்டாங்க. கொழந்தைய எங்கையில குடுக்கல, தெலுசா?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அவளுடைய மாமியார், எங்களைப் பார்க்காமலே, அவள் பின்னாலேயே போய், "ராஜம்மா, குடத்த இப்படிக் குடு" என்று வாங்கிக்கொண்டதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். எதிர் வீட்டுக்காரியும் அன்றைக்கே எங்களை உள்ளே கூப்பிட்டாள்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, தையல் அறை வாசலில் ராஜம்மா நின்றாள். இடுப்பில் குழந்தை.

"ஒங்க தெலுகு பாக லேது" என்றாள். என் தெலுங்கு நன்றாக இல்லையாம். "தெலுகு வூட்டுக்கு இனிமே நான் போறேன். நீங்க தமிழ் வூட்டுக்குப் போங்க."

அப்படித்தான் எங்களுக்கு நான்காவது ஆள் கிடைத்தாள். அவள் எப்படிச் சொல்லிக் கொடுத்தாள் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிட்டிகை, பிடி என்ற இரண்டு சொல்லையும் அவள் வாயில் எடுக்கவே மாட்டாள். தாயின் கையைப் பிடித்து, மூன்று விரலைக் குவித்து உப்பில் வைப்பாள். பிறகு அதே கையை மூடிச் சர்க்கரையில் வைப்பாள். "இப்ப நீ செய்" என்பாள். ஒருதரம் தப்பினால் கொட்டிவிட்டு மறுபடி. எந்த மொழிக்காரிக்கும் புரிந்தது. அவளைப் பார்த்து நாங்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தோம். அவளைப் பார்த்துத்தான் வேறு பெண்களும் வந்தார்கள். படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது என்று தயங்கி நின்றவர்கள். அதற்குள் எண்பதுகள் பிறந்துவிட்டன. நாங்கள் பதினொரு பேராகியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், முதல் கேள்வி அதே கேள்விதான்.

அந்தக் கேள்வியால் என்ன பிரயோஜனம் என்று உங்களில் யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு நாள் பகலில் நடந்த கதை இருக்கிறது.

திருப்பதியில் திருச்சானூர் போகிற பக்கம், வெளியூர் ஆட்கள் கூடாரம் போட்டுக் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார்கள். பள்ளத்தில் தேங்கின தண்ணீரைக் குடித்து வாந்திபேதி பிடித்துக்கொண்டது. எங்களைத் தெரிந்த ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். பதினொரு பேரும் முதல் பஸ் ஏறிப் போனோம். எங்கே பார்த்தாலும் ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்தது ஒரே ஒரு ஜீப்பு. படுக்க வைத்தால் ஒரு நடைக்கு நான்கு பேர்தான். ஜீப்பில் வந்திருந்த டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்: டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க முடிகிறவர்கள் இங்கேயே இருக்கட்டும், முடியாதவர்களை ஏற்றுங்கள்.

வரிசைக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டோம். இரண்டாவது நடைக்கு ஆள் பொறுக்கினபோது, கன்னியப்பனின் வரிசையில் ஒரு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டான். கூட இருந்தவர்களும் கத்தினார்கள். கன்னியப்பன் அவனை ஏற்றிவிட்டான். அவனுக்கு அடுத்தாற்போல் கல் சுமக்கிற ஒரு பெண் படுத்திருந்தாள். சத்தம் இல்லை. ஜீப்பு புறப்பட்டுப் போய்விட்டது.

பத்து நிமிஷம் இருக்கும். "எஸ்தரக்கா!" என்று கன்னியப்பன் அந்த மைதானமே கேட்கிற மாதிரி கத்தினான். "நான் தப்பு பண்ட்டேன்! ஆள மாத்தி ஏத்திட்டேன்! இந்தம்மா தூங்கல, மயக்கத்துல கீது!"

இன்ஸ்பெக்டர், மேஸ்திரி, அத்தனை கூலியாட்கள் எதிரில் அப்படிக் கத்தினான். யோசித்துப் பாருங்கள். வேறு இடமாக இருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? ஜீப்பு திரும்பி வரும்வரை அந்த அம்மாவின் வாயில் ரெண்டு ஸ்பூன் ஊற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கடவுளை வேண்டியிருப்பான். நான் அதைத்தான் செய்திருப்பேன், ஒரு காலத்தில்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நின்றது, உடம்பில் அவ்வளவு தண்ணீர் வற்றியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று எங்களில் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

"ஜீப்பு வர்றதுக்கு ஒரு மணி ஆவும். வெயில்ல தூக்கினு போனா வழியிலேயே போய்டும். இங்கயே வெச்சுப் பாக்கலாம்" என்றேன் நான்.

"ஒத்து அக்கா, வேணாம்" என்றாள் ராஜம்மா. "இவளால முழுங்க முடியல. ஊத்தினா மூச்சுல ஏறும். ஊசில தண்ணி ஏத்தணும். ரோட்டுக்குத் தூக்குங்க."

நான் தலைவி. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவள் சொன்னது சரி என்று தெரிந்த பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. "தூக்குங்க" என்றேன்.

கயிற்றுக் கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கினார்கள். முன்காலைப் பிடித்தவன் கன்னியப்பன். முனியம்மா ஈரத்துணியால் அந்தப் பெண்ணின் உதட்டை நனைத்துக்கொண்டே கூட ஓடினாள். ரோட்டில் முதலில் வந்தது திருச்சானூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர்கள் பஸ். மொட்டைத் தலையும் சந்தனமுமாக உள்ளே கூட்டம். டிரைவர் கட்டிலைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டு, நிறுத்தாமல் போகப் பார்த்தார். ராஜம்மா ரோட்டின் நடுவில் போய் நின்றுவிட்டாள். பிரேக் போட்ட சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் பஸ்ஸின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் தெலுங்கில் பேசினது எனக்கு முழுவதும் ஞாபகமில்லை. அம்மவாரை, அதாவது திருச்சானூர்த் தாயாரைப் பார்த்துவிட்டு வருகிற பஸ், ஒரு பெண்ணை ரோட்டில் போட்டுவிட்டுப் போகுமா என்று கேட்டாள். வாந்திபேதி தொட்டால் ஒட்டாது, கையைக் கழுவினால் போதும், இத்தனை நேரம் தொட்ட நான் நிற்கிறேன் பார் என்றாள். உள்ளேயிருந்து ஒரு மொட்டைத்தலை அம்மா எழுந்து, தன் பின் சீட்டைக் காலி செய்தார். பிறகு பக்கத்து சீட்டுக்காரர். டிரைவர் கதவைத் திறந்தார்.

கன்னியப்பனும் ராஜம்மாவும் கூடப் போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கன்னியப்பனுடைய முகத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன்.

"கண்ணத் தொறந்துச்சுக்கா. 'தாகம்'னு கேட்டுச்சு" என்றான். அப்புறம் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மூன்று நாள் அங்கே இருந்தோம். எங்கள் கையில் கிடைத்த பிறகு ஒரு உயிர்கூடப் போகவில்லை. பிற்பாடு நிறைய இடங்களுக்குப் போயிருக்கிறோம், பாராட்டுகளும் வந்திருக்கின்றன. ஆனால் பெருமை என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு முன்னால் வருவது அந்தப் பத்து நிமிஷம்தான். ஒரு மனுஷன் தன் தப்பை அத்தனை பேர் எதிரில் வாய்விட்டுக் கத்தினதும், அவனை நோக்கி ஒரு விரல்கூட நீளாததும். அதை எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாரா வாரம் உட்கார்ந்து, வெட்கப்பட்டு, சிரித்து, நாங்களே பழகிக்கொண்டோம். ஆகவே நாளைக்குக் கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது பயப்படாதீர்கள். முதலில் நான் என்னுடையதைச் சொல்கிறேன். இந்த வாரமும் எனக்கு ஒன்று இருக்கிறது.

மூன்றாம் நாள் திருப்பதியிலிருந்து ஊர் திரும்பும்போது சித்தூர் பஸ்ஸில் கடைசி வரிசைகள் முழுக்க நாங்கள்தான். அழுக்குப் புடவை, கலைந்த தலை, மடியில் ஸ்பூனும் சொம்பும். கண்டக்டர் வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, பெள்ளிக்கி வெள்ளொஸ்துன்னாரா?" என்று கேட்டார். கல்யாணத்துக்குப் போய் வருகிறீர்களா என்று.

சபையில் நாங்கள் செய்வதை ஊழியம் என்பார்கள். வெளியில் சேவை என்பார்கள். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் ராஜம்மா முந்திக்கொண்டாள்.

"லேதப்பா. பனிக்கி போயொச்சினாம்." இல்லையப்பா, வேலைக்குப் போய்விட்டு வருகிறோம்.

"ஏம் பனி? இன்னா வேலை?" என்றார் அவர்.

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். சித்தூர் வரும்வரை அவரால் அடுத்த டிக்கெட்டைக் கிழிக்க முடியவில்லை.